128 எழுத்துக் கடன்

உலகத்தில் அதிகம் பேர் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை எது என்று கேட்டால் நான் 'ஓகே' என்பேன். 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடுங்க' என்று வீட்டில் சொன்னால் ஓகே. 'அந்த ஃபைலை இன்னிக்குள்ள அனுப்பிடுங்க' என்று ஆபீஸில் சொன்னால் ஓகே. 'நாளைக்கு கண்டிப்பா பணத்தைத் திருப்பிடறேன்' என்று நண்பன் சொன்னால் அதற்கும் ஓகே.

இந்த ஓகேவுக்கு என்ன அர்த்தம்? காதில் விழுந்தது என்றா, புரிந்தது என்றா, செய்கிறேன் என்றா, செய்து முடித்துவிட்டேன் என்றா? இல்லை, இப்போதைக்கு ஆளை விடு சாமி என்றா? சொல்கிறவர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார். கேட்கிறவர் வேறொன்றை நினைத்துக்கொள்கிறார். வீட்டுச் சண்டை, ஆபீஸ் சண்டை எல்லாம் பாதிக்குமேல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இந்த வார்த்தையை ஒரே அர்த்தத்தில், ஒரு தடவைகூட மாறாமல் சொல்கிற ஓர் ஆசாமியைப் போன வருடம் பார்த்தேன். ஆசாமி என்றால் மனிதர் இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு சிப்.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் தெரியாது. இயந்திரம் என்று சொன்னால் அதன் தேய்மானம் எத்தனை சதவிகிதம் என்றுதான் மனசு கணக்குப் போடும். என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் மட்டும் பாதை மாறி, அம்பத்தூரில் மரவேலைப் பட்டறை வைத்துவிட்டான். தலைவாசல் கதவு, பூஜை அறைக் கதவு, பெயர்ப்பலகை. கையால் செதுக்க வயசான ஆசாரி ஒருவர். கம்ப்யூட்டர் சொன்னபடி செதுக்க சி.என்.சி. ரவுட்டர் ஒன்று.

ஒருநாள் போன் செய்தான். "டேய், இந்த மெஷின் என் மானத்தை வாங்குதுடா. வந்து பாரு." நான் வந்து பார்த்து என்ன ஆகப் போகிறது? ஆனாலும் போனேன். சிநேகிதன் புலம்பக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

மேஜைமேல் தேக்குப் பலகை. அதில் கஜலட்சுமி. தாமரை, ஆபரணங்கள், இரண்டு பக்கமும் யானை, எல்லாம் அம்சமாக வந்திருந்தது. ஆனால் இடப்பக்கத்து யானையின் துதிக்கையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். மரம் கருகியிருந்தது.

"நல்லாப் போயிக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு ரெண்டு செகண்டு நின்னுடுச்சு. பிட்டு மட்டும் அதே இடத்துல சுத்திக்கிட்டே இருந்தா மரம் கருகாம என்ன பண்ணும்? அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிப் போகுது. இதோட மூணு பலகை போச்சு. எல்லாம் இந்த போர்டு பண்ற வேலை. சில நூறு ரூபா போர்டு. நடுவுல தூங்குது!"

அவன் கைகாட்டியது, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைவிடச் சின்னதான நீல அட்டையை. பக்கத்தில் நின்ற அவனுடைய அக்கா மகன் மெதுவாகச் சொன்னான். "மாமா சும்மா போர்டைத் திட்டறார் அங்கிள். தூங்கறது அது இல்ல."

பையன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. அவன் அன்றைக்கு எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். அதற்கப்புறம் எனக்கே ஆர்வம் வந்து தேடித்தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். பயப்படாதீர்கள், கணக்கு கொஞ்சம்தான்.

முதலில் மோட்டார். நம் வீட்டு மின்விசிறிக்கு கரண்ட் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். இதில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் அப்படி இல்லை. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு அடி வைத்து நின்றுவிடும். இந்த வகையில் பரவலாக இருப்பது ஒரு சுற்றுக்கு 200 அடி, அதாவது அடிக்கு 1.8 டிகிரி. நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் என்ற சர்க்யூட் ஒவ்வொரு அடியையும் 16 ஆகப் பங்கு போட்டால், ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டில் மாட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு. நிமிஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் என்ற சாதாரண வேகத்துக்கே வினாடிக்கு 6,600க்கு மேல் துடிப்பு வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது, இடைவெளியும் சீராக இருக்க வேண்டும். மிருதங்கம் மாதிரி. தாளம் தப்பினால் மோட்டார் தடுமாறும், அடி தவறும்.

இந்தத் தாளத்தை லேப்டாப்பே போடக்கூடாதா? அதற்கு இல்லாத புத்தியா? புத்தி இருக்கிறது. கவனம்தான் இல்லை. பாட்டு, வைரஸ் சோதனை, அப்டேட், ஈமெயில் என்று ஒரே சமயத்தில் நூறு வேலை. எதையும் செய்யும், ஆனால் 'இந்த நொடியில்' என்று உத்தரவாதம் கொடுக்காது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டரின் பிரிண்டர் இணைப்பு வழியாக நேரடியாகவே துடிப்புகளை அனுப்பினார்கள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் செய்த வேலையிலிருந்து வளர்ந்த லினக்ஸ் சி.என்.சி. இன்றும் அதைச் செய்யும். ஆனால் அதற்கென்று நேரம் தவறாத தனி வகை லினக்ஸ் வேண்டும். அந்தப் பழைய பிரிண்டர் இணைப்பும் லேப்டாப்புகளிலிருந்து காணாமல் போய்விட்டது.

அதனால் வேலையைப் பிரித்தார்கள். எங்கே போக வேண்டும் என்று வரி வரியாகச் சொல்வது லேப்டாப். அதைத் துடிப்புகளாக மாற்றித் தாளம் போடுவது சின்ன சிப். லேப்டாப்புக்கு இந்தத் தொழிலில் 'ஹோஸ்ட்' என்று பெயர். முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீல அட்டை ஆர்டினோ யூனோ வகை. ஆர்டினோ என்பது 2005ல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், டிசைன் படிக்கும் மாணவர்களும் எளிதாகப் பயன்படுத்தட்டும் என்று தொடங்கியது. அதற்குள் ஓடும் மென்பொருளை 2009ல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுத ஆரம்பித்தார். பெயர் ஜி, ஆர், பி, எல். நடுவில் ஓர் உயிரெழுத்துகூடக் கிடையாது. 2011 முதல் சோனி ஜியோன் என்பவர் அதை வளர்த்தெடுத்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

இனி வருவது என் சப்ஜெக்ட். பட்ஜெட்!

அந்தச் சிப்பின் மொத்த ஆஸ்தி இவ்வளவுதான். நிரல் வைக்க 32 கிலோபைட். அதைக் கிட்டத்தட்ட முழுசாகவே ஜி.ஆர்.பி.எல். நிரப்பிவிட்டது. கரண்ட் போனாலும் மறக்கக் கூடாத அமைப்புகளை எழுதிவைக்க 1 கிலோபைட். வேலை செய்யும்போது நினைவில் வைத்துக்கொள்ள 2 கிலோபைட், அதாவது 2,048 பைட். இது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு. இன்றைக்கு கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சேமிக்கவே 15 பைட் ஆகிறது. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையை அந்தச் சிப்பின் நினைவில் ஏற்றினால், கொத்தமல்லியைத் தாண்டிச் சில வரிகளிலேயே இடம் தீர்ந்துவிடும்.

கால்கள் விஷயத்திலும் சிக்கனம்தான். லேப்டாப்போடு பேச இரண்டு. மூன்று மோட்டாருக்கும் 'அடி வை' என்று சொல்ல மூன்று, 'இந்தப் பக்கம்' என்று திசை காட்ட மூன்று. எல்லை வந்துவிட்டது என்று சொல்லும் ஸ்விட்ச்சுகளுக்கு மூன்று. ஸ்பிண்டிலுக்கு, நிறுத்தும் பட்டனுக்கு என்று மிச்சமும் கரைந்துவிடுகிறது. மாசக் கடைசியில் நடுத்தரக் குடும்பத்துப் பர்ஸ் மாதிரி.

இவ்வளவை வைத்துக்கொண்டு வினாடிக்கு 30,000 துடிப்பு வரை சீராகத் தருகிறது. அதன் கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை டிக் அடிக்கும். வகுத்துப் பாருங்கள். இரண்டு துடிப்புக்கு நடுவில் 533 டிக். அதற்குள் அடுத்த அடியை எந்த மோட்டார் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். பெருக்கி, வகுத்து, தசமப் புள்ளி போட்டுக் கொண்டிருக்க நேரம் ஏது?

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1962ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரசன்ஹாம், படம் வரையும் கால்காம்ப் பிளாட்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது கண்டுபிடித்தது. 1965ல் கட்டுரையாக வந்தது. படித்துப் பார்த்தால் எனக்கு ஒரே ஆச்சரியம். இது நம் பேரேட்டில் 'முன் பாக்கி' எழுதுகிற அதே வேலை!

குறுக்கே 10 அடி, மேலே 3 அடி போக வேண்டும் என்று வையுங்கள். குறுக்கு மோட்டார் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மேல் மோட்டாரின் கணக்கில் 3 வரவு வை. கணக்கு 10 ஆனாலோ தாண்டினாலோ, மேலே ஒரு அடி போகச் சொல்லி 10 பற்று எழுது. மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டு போ. 3, 6, 9, 12. நாலாவது அடியில் மேலே ஒன்று, பாக்கி 2. ஏழாவது அடியில் இன்னொன்று, பாக்கி 1. பத்தாவது அடியில் கடைசி, பாக்கி பூஜ்யம். கணக்கு நேர். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரு நல்ல குமாஸ்தா போதும்.

சரி, முதலாளிக்கும் இந்தக் குமாஸ்தாவுக்கும் பேச்சுவார்த்தை எப்படி? அதில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

லேப்டாப் அனுப்பும் ஒவ்வொரு வரியும் 'எக்ஸ் இத்தனைக்குப் போ, ஒய் இத்தனைக்குப் போ' என்ற மாதிரி ஒரு கட்டளை. சுமார் 20 எழுத்து. சிப்பின் வாசலில் வந்து இறங்கும் எழுத்துகளுக்கு ஒரு திண்ணை. அதன் கொள்ளளவு 128 எழுத்து. உள்ளே ஒரு வேலைப் பட்டியல். அதில் 15 அசைவுகள் வரை காத்திருக்கலாம். திண்ணையிலிருந்து ஒரு வரியை எடுத்து, படித்து, பட்டியலில் ஏற்றியதும் சிப் 'ஓகே' என்று சொல்லும். வரி தப்பாக இருந்தால் பிழை எண் சொல்லும். ஒரு வரிக்கு இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் வரும். பட்டியலில் இடம் இல்லையென்றால்? இடம் வரும்வரை வாயே திறக்காது. முதலாளி கோபித்துக்கொள்வாரே என்று பயந்து முன்கூட்டியே ஓகே சொல்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.

லேப்டாப் இதை எப்படிக் கையாள வேண்டும்? சுலபமான வழி, ஒரு வரி அனுப்பி, ஓகே வந்ததும் அடுத்த வரி அனுப்புவது. பத்திரம்தான், ஆனால் மெதுவாகப் போகும். இன்னொரு வழி, கணக்கு வைத்து அனுப்புவது. 128 எழுத்து வரை கடன் வரம்பு. 20 எழுத்தாக ஆறு வரி அனுப்பினால் 120. ஏழாவதை அனுப்பினால் 140 ஆகிவிடும், அதனால் நிறுத்து. ஓர் ஓகே வந்தால், முதலில் அனுப்பிய வரியின் 20ஐக் கழித்துக்கொள். இப்போது ஏழாவதை அனுப்பு. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே என்று சரக்கு மதிப்பீட்டில் நாங்கள் மனப்பாடம் செய்த அதே ஃபிஃபோ! இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கணக்கு எழுத வேண்டியது குமாஸ்தா அல்ல. முதலாளி. கடன் வாங்குவது அவர்தானே, அடுத்தவனுடைய இடத்தை? கணக்குத் தவறி அதிகமாக அனுப்பினால் திண்ணை நிரம்பி எழுத்துகள் சத்தமில்லாமல் கீழே விழும். எக்ஸ் 100 என்பது எக்ஸ் 10 ஆகலாம். அதற்கப்புறம் கஜலட்சுமி என்ன ஆவாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். நிரந்தரமாக ஞாபகம் வை என்று ஓர் அமைப்பை எழுதச் சொன்னால், எழுதி முடிக்கும் நேரம் சிப்புக்குக் காது கேட்காது. அப்போது வரும் எழுத்துகள் தொலையலாம். அதனால் அந்த வகைக் கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பி, ஓகே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் அடுத்த விஷயத்தைப் பேசாதே என்று சட்டமே போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

பட்டியலில் 15 அசைவு எதற்கு, ஒன்று போதாதா? ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டியிருக்கிறீர்களா? ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அதற்குள் நிற்க முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். ஜி.ஆர்.பி.எல். அப்படித்தான் ஓடுகிறது. தனக்குத் தெரிந்த கடைசி வரியின் முடிவில் நின்றாக வேண்டும் என்று வைத்துக்கொண்டே வேகத்தைத் திட்டமிடும். புது வரி வந்தால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் நீளும், மறுபடி கணக்குப் போடும். கஜலட்சுமி மாதிரி நுணுக்கமான வேலையில் ஒரு வரிக்கு 0.1 மில்லிமீட்டர் என்றால், 15 வரிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தூரம்தான் வெளிச்சம். திண்ணையில் இருக்கும் ஆறு வரியையும் சேர்த்தால் கையிருப்பு 2.1 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் வேகத்தில் அது எட்டில் ஒரு பங்கு வினாடிக்கு வரும். லேப்டாப் அதைவிட அதிக நேரம் பராக்குப் பார்த்தால் சிப் பட்டினி.

பையன் துதிக்கையைக் காட்டினான். "பாருங்க அங்கிள். கருகின இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கோடு இம்மிகூட விலகல. போர்டு தூங்கி எழுந்திருந்தா தான் எங்க இருக்கோம்னே அதுக்குத் தெரியாது. மிச்ச யானை வேற எங்கயாவது போயிருக்கும். அது முழிச்சுக்கிட்டுதான் நின்னுச்சு. வேலை வரல, அதனால நின்னுச்சு. வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து எடுத்துச்சு."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். டிசைன் மென்பொருள் ஒன்று, வைரஸ் சோதனை ஒன்று, பின்னணியில் இளையராஜா. அனுப்புகிற மென்பொருளும் ஒரு வரி அனுப்பி ஒரு ஓகேவுக்குக் காத்திருக்கும் முறையில் இருந்தது. பையன் அதைக் கடன் கணக்கு முறைக்கு மாற்றினான். மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பைத் துடைத்து, இதற்கு மட்டும் என்று ஒதுக்கினான். ராஜா சார் நண்பனின் செல்போனுக்குக் குடிபெயர்ந்தார். நாலாவது கஜலட்சுமி மறு இல்லாமல் வந்தாள்.

மூன்று பலகைக்கும் திட்டு வாங்கியது யார்? இருப்பதிலேயே மலிவான, திருப்பிப் பேசாத ஆசாமி. எந்த ஆபீஸ் ஞாபகம் வருகிறது உங்களுக்கு?

வரிசையில் நிற்காத வார்த்தைகளும் சில உண்டு. கேள்விக்குறி ஒன்றை அனுப்பினால், எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று சிப் உடனே சொல்லும். ஆச்சரியக்குறி வந்தால் வேகத்தைப் பதமாகக் குறைத்து, இடத்தை மறக்காமல் நிற்கும். அலைக்குறி வந்தால் மறுபடி கிளம்பும். இவை திண்ணைக்கே போவதில்லை. முன்னால் எத்தனை வரி காத்திருந்தாலும் நேராக உள்ளே போய்விடும். அவசரத்துக்கு என்று ஒரு தனி வாசல். நான்காவதாக, எல்லாவற்றையும் அப்படியே வெட்டி நிறுத்தும் ரீசெட். அதை ஓடும்போது கொடுத்தால் 'நான் இருக்கும் இடத்தை இனி நம்பாதே' என்று அலாரம் சொல்லிவிடும். பதமாக நிறுத்துவது ஒன்று, கழுத்தைப் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. இரண்டுக்கும் விலை வேறு.

கேள்விக்குறியைக்கூட இஷ்டத்துக்கு அனுப்பக் கூடாது. வினாடிக்கு ஐந்திலிருந்து பத்து தடவை போதும், அதற்குமேல் கேட்பதில் பலன் இல்லை, பதில் சொல்வதே அதற்குச் சுமையாகிவிடும். 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா' என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்கும் அதிகாரிகளுக்கு இதை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம்.

சிப்பை ரொம்பவும் தூக்கி வைக்கவும் கூடாது. அதன் ஓகேவுக்கு 'வேலை முடிந்தது' என்று அர்த்தம் இல்லை. பட்டியலில் ஏற்றிவிட்டேன் என்றுதான் அர்த்தம். முடித்தபிறகுகூட, மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. அனுப்பிய துடிப்பை எண்ணுகிறது, நகர்ந்திருக்கும் என்று நம்புகிறது. அவ்வளவுதான். நான் அங்கே இருந்தபோதே வேறொரு பலகையில் பிட் ஒரு கணுவில் இடித்தது. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சௌக்கியம். தூரத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்த ஆசாரிதான் நிமிர்ந்தார். "தம்பி, சத்தம் மாறுது" என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தும் பட்டனை அமுக்கினார். ஆச்சரியக்குறி செய்கிற அதே வேலைக்கு ஒரு பட்டன். அதை அந்தப் பையன் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருந்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பிரபலமான கிளிப்பர். கெவின் ஓ'கானர் எழுதியது. இதில் யோசனை மொத்தமும் ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு கம்ப்யூட்டரில். எந்த அடியை எந்த நேரத்தில் வைக்க வேண்டும் என்றுகூட அதுவே முடிவு செய்து அனுப்பிவிடும். சிப் கடிகாரத்தைப் பார்த்து நிறைவேற்றினால் போதும். இதனால் சின்னச் சிப்பிலும் பெரிய வேகம் கிடைக்கிறது. ஆனால் கட்டளை தாமதமாக வந்து, குறித்த நேரம் தாண்டிவிட்டால்? 'டைமர் டூ க்ளோஸ்' என்று சொல்லி இயந்திரம் மொத்தமாகப் படுத்துவிடும். பட்டியலை வைத்துக்கொண்டு தானே வேகத்தைக் குறைக்கிற உரிமை அதற்கு இல்லை. எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இரண்டும் ஓடுகின்றன. ஒன்றுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் நானே யோசிப்பேன் என்று சொல்லும் முதலாளி, நேரம் தவறும் உரிமையை இழந்துவிடுகிறார்.

எனக்கு ஏன் இந்தச் சிப்மேல் இவ்வளவு பிரியம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

நான் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்க வடிவமைப்பில் ஓர் அண்ணன் இருந்தார். எடிட்டரிலிருந்து ஆபீஸ் பையன் வரை அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அவர் மேஜையில் தகரத் தட்டு ஒன்று. அதில் மூன்று பக்கத்துக்கான தாள்கள்தான் வைக்கலாம். நாலாவதை வைத்தால் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். "ஒண்ணு நகரட்டும் தம்பி, அப்புறம் வை." செய்தி ஆசிரியர் ஆரம்பத்தில் குதித்தாராம். பிறகு கவனித்திருக்கிறார், அண்ணன் பக்கம் ஒருநாளும் லேட் ஆவதில்லை. எடிட்டருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவர் வாசலில் நின்று 'நிறுத்துங்க' என்றால் தட்டு, வரிசை எதுவும் கிடையாது. நான் இருந்த காலத்தில் அவர் அப்படிச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று 2004 டிசம்பர் 26.

இப்போது தட்டு கிடையாது. வாட்ஸப் இருக்கிறது. போன வருடம் நான் இருந்த இடத்தில் ஒரு நிருபர் பெண், இருபத்தாறு வயது. கெட்டிக்காரி. ஆறு மாதத்தில் ராஜினாமா. 'ரொம்ப ஸ்லோ' என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னார். கிளம்பும் அன்றைக்கு அந்தப் பெண் எனக்குத் தன் செல்போனைக் காட்டியது. ஒரே நாள், சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு மணிக்குள் நாலு பேரிடமிருந்து பதினோரு வேலை. அத்தனையிலும் ஆச்சரியக்குறி. அத்தனைக்கும் கீழே 'ஓகே சார்', 'ஓகே மேடம்'.

"இதுல ஏதாவது ஒண்ணுக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"எப்படி சார் சொல்றது? ஓகேன்னு போடலைன்னா அடுத்த நிமிஷம் கேள்விக்குறி வருது."

கடைசி மாதம் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், டாக்டரிடம் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னது. வேலை தெரியாத பெண் இல்லை. 2,048 பைட்டில் வேலை பார்க்கும் சிப்புக்கு இருக்கிற ஒரு சௌகரியம், எம்.ஏ. படித்த அந்தப் பெண்ணுக்கு இல்லை. இடம் வரும்வரை ஓகே சொல்லாமல் இருக்கும் சௌகரியம். ஆச்சரியக்குறியைத் தனி வாசலில் விட்டவர்களுக்குத் தெரியும், எல்லாமே அந்த வாசலில் வந்தால் அதுவே ஒரு திண்ணையாகிவிடும் என்று. அங்கே மேலே இருந்த நாலு பேரும் தனித்தனியாக நல்லவர்கள்தான். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பேரேடு இல்லை. இந்தப் பெண்மேல் ஏற்கெனவே எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று எழுதி வைக்க ஒருத்தரும் இல்லை.

இப்போது அந்தப் பெண் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறது. இதை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க சார்." புது இடம் எப்படி என்றேன். சிரித்தது.

"இங்க எங்க சீஃப், வேலை கொடுக்கறதுக்கு முன்னாடி 'இப்ப கையில எத்தனை இருக்கு'ன்னு கேக்கறார் சார். மூணுன்னு சொன்னா, 'அப்ப ஒண்ணு முடிஞ்சதும் சொல்லு'ன்னுட்டுப் போயிடறார். சம்பளம் கொஞ்சம் கம்மிதான். பரவாயில்ல."